ஊனும் கள்ளும் தேனும் நீக்கிய மருத்துவம்: உக்கிராதித்த முனிவர் வரலாறு

நம் இல்லங்களில் குழந்தைக்குச் சளியும் இருமலும் கண்டால், திப்பிலியை இளவறுப்பாக வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்து நாவில் தடவும்படி நாட்டு வைத்தியர் கூறுவது வழக்கம். தேனைத் தீண்டாத நம் வீட்டுப் பெரியோர் அதற்கு மாறாகப் பனங்கற்கண்டையோ வெல்லப்பாகையோ சேர்த்துக் கொடுத்துவிடுவர். அப்பொழுது இளந்தாயின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். வைத்தியர் சொன்னபடி செய்யாமல் விட்டால் மருந்து பலிக்குமா? நாம் நோன்பைக் காக்கப் போய்க் குழந்தையின் நலத்தைக் கெடுத்துக்கொள்கிறோமோ? வாய்விட்டுக் கேட்க அஞ்சினும், கேட்கத் தகுந்த கேள்விதான் இது.

இதே கேள்வியை ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திகம்பர முனிவர் எதிர்கொண்டார். அவர் அதனை ஐயமாக விட்டுவிடவில்லை. ஒரு முழு மருத்துவ நூலையே விடையாக இயற்றினார். அரசவையில் மருத்துவர்கள் நடுவே நின்று அவ்விடையை நிலைநாட்டவும் செய்தார். அவர்தாம் உக்கிராதித்த ஆசாரியர். அவர் இயற்றிய நூல் கல்யாணகாரகம். நலம் செய்வது என்பது அப்பெயரின் பொருள். அச்சான்றோரின் வாழ்வையும் பணியையும் நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

குருவும் மலையும்

துறவு பூண்டோர்க்குக் குலமும் ஊரும் முகவரி ஆவதில்லை. ஆசிரியர் மரபே முகவரி. அம்முறைப்படி உக்கிராதித்தர் தம்மை ஸ்ரீநந்தி ஆசாரியரின் மாணவர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். ஸ்ரீநந்தி, விஷ்ணுராசன் என்னும் மன்னனால் போற்றப்பெற்ற பெருந்தவத்தோர். கீழைச் சாளுக்கியர் ஆண்ட வேங்கி நாட்டில் விஷ்ணுவர்த்தனன் என்னும் பெயரை அரசர் பலர் தாங்கினர். அவ்வரசர்களுள் ஒருவனே இவ்விஷ்ணுராசன் என்பது அறிஞர் கருத்து.

வேங்கியைச் சார்ந்த திரிகலிங்க நாட்டின் இராமகிரி என்னும் மலையில், ஜினாலயங்கள் விளங்கிய சூழலில் அமர்ந்து உக்கிராதித்தர் தம் நூலை இயற்றினார். இன்றைய ஆந்திர மாநிலத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் உள்ள இராமதீர்த்தமே அம்மலை என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அங்குள்ள குன்றுகளில் சமண முனிவர் உறைந்த குகையையும் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் இன்றும் காணலாம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேங்கியை ஆண்ட விமலாதித்தன் காலக் கல்வெட்டு ஒன்றும் அங்கு உண்டு. அம்மன்னனின் குருவாகிய திரிகாலயோகி சித்தாந்ததேவர் அம்மலையை வணங்கிச் சென்றதை அது கூறுகிறது. உக்கிராதித்தருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அவ்விடம் புனிதத் தலமாகவே விளங்கியது என்பதற்கு அக்கல்வெட்டு சான்று.

ஸ்ரீநந்தியிடம் அவர் கற்றது பிராணாவாயம் என்னும் கலை. பன்னிரண்டு அங்கங்களுள் இறுதியாகிய திருஷ்டிவாதத்தில் பதினான்கு பூர்வங்கள் அடங்கியிருந்தன என்பதை நாம் அறிவோம். அவற்றுள் பன்னிரண்டாவது பூர்வம் பிராணாவாயம். உயிர்ப்பையும் உடலையும் நோயையும் மருந்தையும் பற்றிய அறிவெல்லாம் அதனுள் அடங்கும் என்பது மரபு. ஆகவே மருத்துவம் வெளியிலிருந்து இரவல் வாங்கிய கல்வி அன்று, ஜினவாணியின் ஒரு கிளை என்று உணர்ந்தே உக்கிராதித்தர் அதனைப் பயின்றார். தம் நூலின் தொடக்கத்திலும், ஆதிபகவன் திருமுன் பரத சக்கரவர்த்தி முதலானோர் சென்று உயிர்களின் நோய்த்துயர் நீங்கும் வழியை வினவியதாகவும், அங்கிருந்து கணதரர் வழியே அவ்வறிவு இறங்கி வந்ததாகவும் அமைத்திருக்கிறார்.

தமக்கு முன்னிருந்த ஆசிரியர்களையும் அவர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். கண், காது முதலிய தலையுறுப்பு நோய்களுக்குப் பூஜ்யபாதர், அறுவை மருத்துவத்திற்குப் பாத்திரசுவாமி, நஞ்சு முதலியவற்றை நீக்குவதற்குச் சித்தசேனர், உடல் மருத்துவத்திற்குத் தசரதகுரு, குழவி மருத்துவத்திற்கு மேகநாதர், வலிமையும் இளமையும் காக்கும் மருந்துகளுக்குச் சிம்மநாதர் என அவர் தரும் வரிசை நீள்கிறது. இவ்வெட்டுப் பிரிவுகளையும் விரித்து உரைத்தவர் சமந்தபத்திரர் என்றும், அவ்விரிவைத் தாம் சுருக்கித் தருவதாகவும் கூறுகிறார்.

இப்பெயர்களுள் இரண்டு நமக்கு அயலானவை அல்ல. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் வழியில் எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. அவர் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோயால் வருந்தினார் என்றும், அதனைத் தணிக்கும் வழி தேடிக் காஞ்சி முதலான ஊர்களில் அலைந்தார் என்றும் மரபுக் கதை உண்டு. பூஜ்யபாதரின் மாணவராகிய வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவர் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறும். இராமகிரியில் எழுந்த நூலுக்கும் நம் மண்ணுக்கும் இடையே இவ்வாறு ஒரு மெல்லிய இழை ஓடுகிறது.

முனிவர் மருந்து உரைக்கலாமா?

இங்கே ஒரு தடை எழும். துறவி நோயைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர். இருபத்திரண்டு பரீஷகங்களுள் ரோக பரீஷகமும் ஒன்று. மேலும், மருத்துவம் செய்து அதன் பொருட்டு உணவு பெறுதல் முனிவருக்குக் குற்றம் என்று மூலாசாரம் விலக்குகிறது. அவ்வாறிருக்க ஒரு நிர்க்கிரந்த முனிவர் மருந்துகளையும் அளவுகளையும் எழுதிக்கொண்டிருப்பது முறையாகுமா?

முறையே என்பதற்கு அறநூல்களிலேயே இடம் உண்டு. தன் நோயைப் பொறுத்தல் ஒரு தவம். பிறர் நோய்க்கு இரங்கித் தொண்டு செய்தல் மற்றொரு தவம். வையாவிருத்தியம் எனப்படும் அத்தொண்டு ஆறு அகத்தவங்களுள் ஒன்று. சிராவகர் செய்ய வேண்டிய நால்வகைத் தானங்களில் உணவு, அபயம், நூல் ஆகியவற்றோடு மருந்தும் அடங்கும். மருத்துவத்தை விற்றுப் பிழைப்பதே குற்றம். அதனைக் கற்பித்தல் குற்றம் அன்று. உக்கிராதித்தர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தார். பொருளாசையாலோ, புகழுக்காகவோ, உறவையும் நட்பையும் கருதியோ மருத்துவம் செய்தல் கூடாது. உயிர்களிடத்து இரக்கமும் வினை தேய்தலுமே மருத்துவனின் நோக்கமாக வேண்டும் என்று அவர் தம் நூலில் வரையறுத்தார்.

நலம் என்பதையும் அவர் இரண்டாகப் பகுத்தார். வினைகள் யாவும் நீங்கிய உயிரின் அழியா நிலை மெய்யான நலம். பசித்தீ சமமாய் எரிய, வாத பித்த கபங்கள் தம் அளவில் நிற்க, தாதுக்கள் சீராயிருக்க, கழிவுகள் முறையே வெளியேற, புலன்களும் மனமும் தெளிந்திருத்தல் உலக நடைமுறைக்குரிய நலம். முன்னதே இலக்கு, எனினும் பின்னது இல்லாமல் முன்னதற்கு முயல்வது கடினம். நோயுற்றவனால் நோன்பு இயற்ற முடியாது. நூல் ஓதவும் இயலாது. உடலை ஓம்புதல் உடலுக்காக அன்று, அறத்துக்காக என்பதே அவர் கொண்ட நிலை.

நோய் வினைப்பயன் என்றால் மருந்தால் ஆவதென்ன என்று சிலர் இன்றும் வினவுவர். நம் சித்தாந்தம் இதற்கு மாங்கனியை உவமை காட்டும். கிளையிலேயே தன் காலத்தில் பழுக்கும் கனியும் உண்டு. பறித்து வைத்து முயற்சியால் பழுக்க வைக்கும் கனியும் உண்டு. வினையும் அவ்வாறே தன் காலத்திலும் உதிரும், முயற்சியாலும் உதிரும். ஆகவே மருந்துண்ணுதல் வினைக்கோட்பாட்டை மறுப்பதாகாது.

நூலின் அமைப்பு

கல்யாணகாரகம் 25 அதிகாரங்கள் கொண்ட வடமொழிச் செய்யுள் நூல். அது நோயிலிருந்து தொடங்கவில்லை, நலம் காத்தலிலிருந்து தொடங்குகிறது. கருவின் தோற்றம், உடலின் அமைப்பு, தானியம் முதலியவற்றின் குணமும் குற்றமும், உண்ணும் முறையும் பருகும் முறையும், காயகல்ப மருந்துகள் ஆகியவற்றை உரைத்த பின்னரே வாதநோய், பித்தநோய், கபநோய் எனப் பிணிகளுக்குள் புகுகிறது. பெருநோய்கள், சிறுநோய்கள், குழவிநோய்கள், நஞ்சு முறிப்பு என்பவை தொடர்கின்றன. பிற்பகுதியில் மருத்துவ முறைகளும், அவை தவறினால் விளையும் கேடுகளும், பாதரசம் முதலியவற்றின் பக்குவமும் கூறப்படுகின்றன. இறப்பின் அறிகுறிகளைக் கூறும் ஒரு பகுதியும், இதம் அகிதம் பற்றிய ஒரு பகுதியும் இறுதியில் இணைந்துள்ளன.

இவ்வரிசையே ஒரு பாடம். உணவைப் பற்றிய பகுதிகள் மருந்துக்கு முன் நிற்கின்றன. அடுக்களையில் பிழை செய்துவிட்டு மருந்துப் பேழையில் தீர்வு தேடுதல் கூடாது என்பதை நூலின் அடுக்கே நமக்கு உணர்த்துகிறது.

எது சிக்கல்?

அக்காலத்தில் ஆயுர்வேதத்தின் தலைநூல்களாக விளங்கியவை சரகரும் சுசுருதரும் தந்த சங்கிதைகள். முக்குற்றம், எழுதாது, அறுசுவை, மூலிகை குணம் ஆகியவற்றை அவை விளக்கிய விதத்தை உக்கிராதித்தர் ஒதுக்கவில்லை. உண்மை எங்கிருப்பினும் கொள்ளத்தக்கதே. ஆனால் அந்நூல்களில் மூன்று பொருள்கள் இடையிடையே வந்துகொண்டிருந்தன. என்புருக்கி போன்ற மெலிவு நோய்களுக்குப் புலால் சாறு கூறப்பட்டது. பசித்தீயைத் தூண்டவும் மருந்துக்குத் துணையாகவும் மது கூறப்பட்டது. கபம் தணிக்கவும் பொடிகளைக் குழைக்கவும் தேன் கூறப்பட்டது.

ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சிராவகரின் அடிப்படை ஒழுக்கம். சமந்தபத்திரர் வகுத்த எட்டு மூலகுணங்களில் இம்மூன்றும் ஐந்து அணுவிரதங்களோடு வைத்து எண்ணப்படுகின்றன. அப்படியானால் நோயுற்ற சிராவகன் என்ன செய்வது? மருந்துதானே என்று விரதத்தைத் தளர்த்துவதா? விரதம் பெரிதென்று உயிரைத் துறப்பதா? இரண்டில் ஒன்றைத்தான் பலரும் கண்டனர். உக்கிராதித்தர் மூன்றாவது வழியைக் கண்டார். அம்மூன்று பொருள்களும் செய்யும் வேலையைக் கொலையற்ற பொருள்களால் செய்ய முடியும் என்று காட்டிவிட்டால் நோயாளிக்கு அத்தகைய நெருக்கடியே எழாது. ஆகவே மூன்றையும் அறவே நீக்கி, மூலிகை, தானியம், பால், நெய், சர்க்கரை, தாது ஆகியவற்றைக் கொண்டே மருத்துவம் முழுவதையும் அமைக்க முற்பட்டார்.

இதன் அருமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேண்டாம் என்று விலக்குவது எளிது. விலக்கிய இடத்தில் நோய் தீர்க்கும் வேறொன்றை வைப்பது அரிது. வலியால் துடிப்பவன் முன் அறவுரை மட்டும் கூறிச் செல்பவர் முனிவராயினும் மருத்துவர் ஆகார். உக்கிராதித்தர் அறத்தைக் கூறியதோடு மாற்று மருந்தையும் கையில் கொடுத்தார்.

மான்யகேடத்து அவை

அக்காலத்தில் தக்காணத்தை ஆண்ட பேரரசன் இராஷ்டிரகூட மரபினனாகிய முதலாம் அமோகவர்ஷன். நிருபதுங்கன் என்பது அவனுடைய மற்றொரு பெயர். 814இல் சிறுவனாக அரியணை ஏறி 878 வரை 64 ஆண்டுகள் ஆண்டவன். அவனுடைய தலைநகரம் மான்யகேடம். கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் இன்று மால்கேட் என்னும் சிற்றூராக அது இருக்கிறது. ஆதிபுராணம் தொடங்கிய ஜினசேனரை அவன் குருவாகப் போற்றினான். கணிதசாரசங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியர் அவன் ஆட்சியைப் புகழ்கிறார். கன்னடத்தின் தொன்மையான இலக்கண நூலாகிய கவிராசமார்க்கம் அவன் பெயரோடு இணைந்தது. அவன் மகள் சங்கா பல்லவன் மூன்றாம் நந்திவர்மனை மணந்து காஞ்சிக்கு வந்தாள். அவள் பெற்ற மகனுக்குப் பாட்டன் பெயராகிய நிருபதுங்கன் என்பதே சூட்டப்பெற்றது. பல்லவர் வரலாறு படிப்போர் இப்பெயரை நன்கு அறிவர்.

குடிகளின் துயரை இவ்வரசன் தன் துயராகக் கொண்டான் என்பதற்கு 871ஆம் ஆண்டின் சஞ்சான் செப்பேடு சான்று கூறுகிறது. நாட்டுக்கு நேர்ந்த பெருங்கேடு நீங்கும்பொருட்டுத் தன் இடக்கை விரலையே அரிந்து மகாலட்சுமிக்குக் காணிக்கையாக்கினான் என்பது அச்செப்பேடு தரும் செய்தி. அச்செயலை நம் அறம் ஏற்பது வேறு செய்தி. எனினும் குடிகளின் நலத்துக்காகத் தன் உடலையே ஈய முன்வந்த மன்னன் மருத்துவ வாதத்தைப் பொழுதுபோக்காகக் கேட்டிருக்க மாட்டான்.

வேங்கிச் சாளுக்கியருக்கும் இராஷ்டிரகூடருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போர் நிகழ்ந்தது. விஷ்ணுராசன் போற்றிய ஆசிரியரின் மாணவரோ நிருபதுங்கன் அவைக்குச் சென்றார். இராமதீர்த்தத்திலிருந்து மால்கேடு 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. முனிவர்க்கு ஊர்தி இல்லை, காலணி இல்லை. மழைக்காலத்து நான்கு மாதம் பயணமும் இல்லை. மன்னர்களின் பகை முனிவரின் வழியை மறிக்கவில்லை. நோய்க்கு நாட்டெல்லை இல்லாததுபோல் மருத்துவ அறிவுக்கும் எல்லை இல்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மருத்துவர்களும் அறிஞர்களும் நிறைந்த அந்த அவையில் புலால் உணவு பற்றிய வாதம் எழுந்தது. அங்கு உக்கிராதித்தர் புலாலின் பயனின்மையை நிறுவினார். அவ்வுரையே பின்னர் நூலின் இறுதியில் இதாகிதம் என்னும் பகுதியாகச் சேர்ந்தது. இதம் நன்மை தருவது. அகிதம் தீமை தருவது. தலைப்பே அவர் வாதத்தின் போக்கைக் காட்டிவிடுகிறது. புலாலைப் பாவம் என்று மட்டும் கூறியிருந்தால் அது சமயத்தார்க்கு உரிய உரையாக நின்றிருக்கும். அவரோ மருத்துவர் அவையில் மருத்துவர் மொழியிலேயே பேசினார். உடலுக்கு இதம் எது, அகிதம் எது என்ற அளவுகோலாலேயே புலால் மருந்தாகாது என்று எடுத்துக்காட்டினார். கொல்லாமை பக்தரின் விருப்பம் மட்டும் அன்று, மருத்துவரின் அறிவுக்கும் பொருந்துவது என்னும் உண்மை அன்று ஓர் அரசவையில் ஒலித்தது.

மூலிகையிலும் அளவு

மூலிகை என்றால் உயிரற்றது என்று பொருள் அன்று. மரமும் செடியும் ஓரறிவு உயிர்கள் என்பது நம் கொள்கை. ஆகவே ஜைன மருத்துவம் தாவரத்தையும் கட்டற்றுப் பறிக்க இடம் தராது. இலை போதுமாயின் கிளையை முறிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த கனி போதுமாயின் மரத்தை வருத்த வேண்டியதில்லை. வேரே வேண்டுமாயின் வேண்டிய அளவே கொள்ள வேண்டும். திரிபலை எனப்படும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் மரம் ஈயும் காய்கள். அவற்றைக் கொள்வதால் மரம் மடிவதில்லை. திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் அத்தகையனவே. இஞ்சியை உணவில் விலக்குவோரும் உலர்ந்த சுக்கை ஏற்கும் வழக்கம் இந்நுண்மையிலிருந்து வந்ததே.

தமிழ்ச் சமணச் சான்றோரும் மருந்தின் வழியே அறத்தைக் கண்டவர்கள். பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும் மாக்காயனாரின் மாணவர்கள். ஏலம், இலவங்கப்பட்டை, சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் ஒன்றுக்கொன்று ஏறிய அளவில் சேர்ந்த சூரணம் ஏலாதி. கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். இவர்கள் அறத்தை மருந்தென்று கூறினர். உக்கிராதித்தர் மருந்தை அறமாக்கினார்.

அவருக்குப் பின்

உக்கிராதித்தர் ஏற்றிய விளக்கு அவரோடு அணையவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோமநாதர் என்னும் ஜைனப் புலவர், பூஜ்யபாதர் பெயரால் வழங்கிய கல்யாணகாரகத்தைக் கன்னடத்தில் ஆக்கினார். அதிலும் ஊனும் கள்ளும் தேனும் இல்லை. அதே நூற்றாண்டில் கீர்த்திவர்மன் ஆவினங்களுக்குரிய கோவைத்தியம் எழுதினார். வாய் பேசா உயிர்க்கும் மருந்து வேண்டும் என்று எண்ணியது அவ்வறம். பதினான்காம் நூற்றாண்டில் மங்கராசர் நஞ்சு முறிப்புக்கெனக் ககேந்திரமணிதர்ப்பணம் இயற்றினார்.

உக்கிராதித்தரின் நூலோ நெடுங்காலம் சுவடிகளிலேயே உறங்கியது. பண்டிதர் வர்த்தமான பார்சுவநாத சாஸ்திரியார் சுவடிகளை ஒப்பிட்டு இந்தி மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1940இல் சோலாப்பூரில் அது அச்சேறியது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுவடிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்துக் காத்த பெயரறியாச் சிராவகர்களும் இப்புகழில் பங்குடையவர்கள். சாத்திரதானம் என்பது இதுவே.

நம் இல்லங்களுக்கு

முதலில், தொடக்கத்தில் கண்ட தாயின் ஐயத்துக்கு வருவோம். தேன் இன்றியே மருந்துகளைக் குழைக்கலாம் என்று ஒரு மாபெரும் மருத்துவர் நூல் எழுதிக் காட்டியிருக்கிறார். நெய், சர்க்கரை, பால், வெந்நீர் ஆகியவை துணைமருந்துகளாக நெடுங்காலம் நின்றவை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலே ஆகாது என்று இன்றைய மருத்துவமும் எச்சரிக்கிறது. தேனில் கலந்திருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் நஞ்சை விளைவிக்கக்கூடும் என்பது அதன் காரணம். ஆகவே தாய் அஞ்ச வேண்டுவதில்லை. எதனைச் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பதை வைத்தியரிடமே தெளிவாகக் கேட்டு அறிதல் வேண்டும்.

இரண்டாவது, நலம் காத்தலை முன்வைத்த அவருடைய வரிசையை நாமும் பின்பற்றலாம். பொழுது சாயுமுன் உண்ணுதல், நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், பசித்தபின் அளவறிந்து புசித்தல், நோன்பு நாட்களில் வயிற்றுக்கு ஓய்வளித்தல் ஆகியவை நம் முன்னோர் விட்டுச்சென்றவை. இவற்றைப் பேணும் இல்லத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கடுக்காய், நெல்லிமுள்ளி ஆகிய எளிய சரக்குகளே சிறு தொல்லைகளுக்குப் பெரும்பாலும் போதும். அவற்றையும் சுத்தி செய்தே கொள்ள வேண்டும். கடுக்காயின் கொட்டையை நீக்குவதும் சுக்கின் மேல்தோலைச் சீவுவதும் நம் பாட்டிமார் தவறாது செய்தவை.

மூன்றாவது, அவர் நூலில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் நாமே செய்து உண்ணுதல் கூடாது. பாதரசப் பக்குவங்கள் தேர்ந்தோர் கைக்குரியனவாகவே அன்றும் கருதப்பட்டன. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும் என்பதை இன்றைய ஆய்வு உறுதி செய்துள்ளது. கருவுற்ற மகளிர், கைக்குழந்தைகள், இதயத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மூலிகையையும் மருத்துவரிடம் கூறாமல் கொள்ளலாகாது. காய்ச்சல் நீடித்தாலும் மூச்சு திணறினாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்துவது கொல்லாமை அன்று. தன் உயிர்க்கே இழைக்கும் தீங்கு.

நான்காவதே தலையாயது. ஒரு மருந்தில் உயிர்க்கொலை கலந்திருப்பதாக அறிந்தால், வெறுத்து ஒதுக்குவதும் வேறு வழியில்லை என்று விழுங்குவதும் ஆகிய இரண்டுமே முடிவு அல்ல. மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலின் 1920களிலிருந்து பல பத்தாண்டுகள் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே ஆக்கும் முறை கண்டறியப்பட்டு, 1982இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலோர் பயன்படுத்துவது அவ்வாறு ஆக்கப்பட்டதே. எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் உறைகளுக்கு மாறாகத் தாவரப் பொருளால் ஆன உறைகளும் வந்துவிட்டன. மாற்று என்பது தேடுவோர்க்கே கிட்டும்.

இராமகிரியின் குகையில் ஓர் ஏடும் எழுத்தாணியும் அன்றி வேறேதும் இல்லாத முனிவர் அதனைத்தான் செய்தார். நோயாளியையும் கைவிடாமல், நோய்க்காகக் கொல்லப்படவிருந்த உயிரையும் கைவிடாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டென்று நம்பித் தேடினார். இனி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு சுக்கை எடுக்கும்போது, அதன் பின்னால் நிற்கும் அந்த நெடிய இரக்கத்தை ஒரு கணம் நினைவோம். நம் பிள்ளைகளுக்கும் அவர் பெயரைச் சொல்லிக் கொடுப்போம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் நலம் பெறுக!